புத்தலப்பட்டு தாண்டினால் ஜப்பான்

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் யார் யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "வேலூர் வண்டி போயிடுச்சாடா?" என்று ஒரு அம்மாள் தன் மகனைக் கேட்பாள். நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும் இவர் எழுந்து நின்று, "இல்லம்மா, டிரைவரு டீ குடிச்சுக்கினு கீறாரு, நீ ஒக்காரு" என்பார். மணி என்ன என்று யாராவது முணுமுணுத்தால் போதும். இவரிடம் கடிகாரம் கிடையாது. பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விடுவார். கணவன் மனைவியைக் கோபமாக "எனக்கு என்ன கேடுன்னு உன்னைக் கட்டினேன்?" என்று கேட்டதற்கும் ஒருமுறை பதில் சொல்லப் போய் அடி வாங்கப் பார்த்தார். கேள்வி என்று ஒன்று காற்றில் வந்துவிட்டால் அது பதில் இல்லாமல் கீழே விழுவதை அவரால் தாங்க முடியாது.

அந்தக் கடைசி வருஷங்களில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் மறை கழன்ற மனிதர். எனக்கு அவர் ஜப்பான்.

எங்கள் மிஷன் காம்பவுண்டில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருடையதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஏனென்றால் அது பட்டப்பெயர் இல்லை, பிழைப்பு. 'ஜப்பான் நாட்டு மல்யுத்த வீரர்கள்' என்று ஊர் ஊராகப் போய் மைதானத்தில் கொட்டகை போட்டு சண்டை காட்டுகிற ஒரு கம்பெனியில் அவர் இருந்தார். கொடியில் உதயசூரியன் போட்டிருக்கும். அதனால் சூரியன் கம்பெனி என்போம். அந்த ஜப்பான் நாட்டு வீரர்களில் ஒருவர் ஆற்காடு, ஒருவர் கோலார், முதலாளி குடியாத்தம். பார்த்தால் ஜப்பான் மாதிரி இருந்தவர் இவர் ஒருவர்தான். இவருடைய நைனா தமிழர், அம்மா பர்மாக்காரி. ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கே இருக்க முடியாமல் போனபோது கப்பலில் வந்து, சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த அத்தை வீட்டில் ஒதுங்கியவர். சின்னக் கண், அகன்ற கன்னம், கதவு மாதிரி முதுகு. முதலாளி இவரைப் பஸ்ஸில் பார்த்து, அந்தப் பஸ்ஸிலேயே வேலை கொடுத்துவிட்டார்.

ஊரில் இருக்கும்போது அவரைப் போல் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை. பல் விளக்கும்போது பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு நடுவே பின் பெஞ்சிலிருந்து "ஆமா ஐயா, நெசம்தான்" என்பார். பாடகர் குழுவில் மற்றவர்கள் பாட்டை முடித்த பிறகும் ஒரு அடி தனியாகப் போய்க்கொண்டிருப்பார். ஆனால் கம்பெனி வேலைக்காகத் திருப்பதி பஸ் ஏறினால், புத்தலப்பட்டு வரைக்கும்தான் அந்த வாய். சித்தூரில் அவரை எல்லாருக்கும் தெரியும், அதனால் கம்பெனி சித்தூரில் கொட்டகை போடுவதில்லை. புத்தலப்பட்டில் தெரிந்த முகங்கள் இறங்கிவிடும். அங்கிருந்து வண்டி கிளம்பியதும் அவர் ஜப்பான்காரர். ஜப்பான்காரருக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கு தெரியாது. பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அங்கேயே அறுந்துவிடும்.

ஒருமுறை அத்தை வளர்த்த சேவல் பாஸ்டர் வீட்டு அடுப்பங்கரைக்குள் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "பாஸ்டரம்மா கதவச் சாத்திட்டாங்க மாப்ள, உள்ள சேவலு, வெளிய அத்தை, அப்ப பாஸ்டர் ஐயா இன்னா பண்ணாருன்னா…" பஸ் புத்தலப்பட்டை விட்டு நகர்ந்தது. அவ்வளவுதான். கண் முன்னால் இருந்த கம்பியில் போய் நின்றது, முகம் கல்லாகிவிட்டது. திருப்பதி, ரேணிகுண்டா, ஏர்பேடு என்று கம்பெனி சுற்றி, மூன்றாம் நாள் திரும்பி வரும்போது புத்தலப்பட்டில் வண்டி நின்றதும் என் பக்கம் திரும்பி, "…சேவலப் புடிச்சு ஜெபம் பண்ணி அனுப்பிச்சாரு" என்றார்.

நான் ஏன் அந்தப் பஸ்ஸில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். மல்யுத்தம் என்றால் உயிர். யார் ஜெயிப்பது என்பது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவாகிவிடும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்த பிறகு பித்து இன்னும் அதிகமானது. முடிவு பொய், ஆனால் விழுவது நிஜம்! பலகை மேல் உமி மூட்டை, அதன் மேல் கித்தான், அதன் மேல் ஒரு மனிதன் தலைக்கு மேலிருந்து வந்து விழுகிறான், கொட்டகை அதிர்கிறது, அவன் எழுந்து நிற்கிறான். இதைவிட அதிசயம் எனக்குக் காலேஜில் யாரும் காட்டவில்லை. இவர்தான் முதலாளியிடம் சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மைக்கில் அறிவிப்பு, அதோடு ஜப்பான் வீரருக்கு மொழிபெயர்ப்பாளர். அவர் மேடையில் கர்ஜிப்பார், நான் தெலுங்கிலும் தமிழிலும் சொல்ல வேண்டும்.

"அவர் சொல்கிறார்: இந்த ஊர் எலும்பெல்லாம் சுண்ணாம்பாம். இன்றைக்கு நொறுக்கிக் காட்டுவாராம்!"

கொட்டகை கொதிக்கும். செருப்பு பறக்கும். உண்மையில் அவர் கத்துவது பர்மீஸ். என்ன கத்துகிறீர்கள் என்று நான் கேட்டபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க அம்மா ரங்கூன் தெருவுல மொய்ங்கா விப்பாங்கடா, மீன் கொழம்பு ஊத்தின சேமியா. 'சூடா கீது, மீன் போட்டது, பாத்திரம் எடுத்தா'ன்னு கூவுவாங்க. அதத்தான் கொஞ்சம் கோவமா சொல்றேன்."

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் ரங்கூனுக்குள் வந்த ஜப்பான் ராணுவம் இவருடைய நைனாவை ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. அப்படிப்பட்டவர் எப்படி அந்த வேஷத்தைக் கட்டுகிறார்? நான் துடுக்காகக் கேட்டே விட்டேன். புத்தலப்பட்டுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது.

"அவன் எப்படி நிப்பான், எப்படிப் பாப்பான்னு இந்த ஜில்லாவுலயே எனக்கு மட்டும்தான்டா தெரியும். நைனாவ இட்டுக்கினு போவ வந்தவன் எங்க வீட்டு வாசல்ல நின்னான். ஒரு வார்த்த பேசல. நைனா கேட்டுக்கினே கீறாரு, எங்க, எத்தினி நாளுன்னு. அவன் வாயே தெறக்கல. அந்த மூஞ்சிதான் நான் போடறது." கொஞ்சம் வெளியே பார்த்தார். "ஜனங்க என்னிய கல்லால அடிக்கறாங்கல்ல? சில நேரத்துல, இன்னொண்ணு போடுங்கடான்னு எனக்கே இருக்கும்."

பேசாமல் இருப்பதில் அவருக்கு இருந்த வைராக்கியத்தை எதிராளிகள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. புலிக் கம்பெனி என்று இன்னொரு கூட்டம் இருந்தது. அதுவும் ஜப்பான் என்றுதான் போஸ்டர் ஒட்டும். நாங்கள் ஒட்டிய போஸ்டர் மேல் அவர்கள் ஒட்டுவார்கள், அதன் மேல் நாங்கள். திருப்பதியில் சில சுவர்களில் சுண்ணாம்பைவிடப் பசை கனம். ஒருநாள் ரேணிகுண்டாவில் ஓட்டல் வாசலில் இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி வேடிக்கை பார்க்கிற கூட்டம். புலிக் கம்பெனியின் ஆள் ஒருவன் பின்னால் வந்து, "ஐயோ, நாற்காலிக்கு அடியில பாம்பு!" என்று அலறினான். நான் மேசை மேல் ஏறிவிட்டேன். கூட்டம் சிதறியது. இவர் இமைக்கக்கூட இல்லை. அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பி, ஏன் இவர்கள் ஓடுகிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளனைக் கேட்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். அலறினவனே கை தட்டினான். ராத்திரி அறையில் கதவைச் சாத்தியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நெஜமாவே பாம்பு இருந்துச்சாடா?"

எங்கள் பாஸ்டருக்கு இது உறுத்தல். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை இங்க பாடறீங்க, திங்கக்கெழமை ஜப்பான் ஆயிடறீங்க. பொய் இல்லையா அது?"

"ஐயா, நான் ஜப்பான்னு ஒருநாளும் சொன்னதில்லீங்க. போஸ்டரு சொல்லுது, இதோ இந்தப் பையன் சொல்றான். நான் வாயே தெறக்கறதில்லீங்களே. தெறக்காத வாயில பொய் எப்படிங்கய்யா வரும்?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

இப்போது அந்தத் திருப்பதிச் சண்டைக்கு வர வேண்டும். நான் வேகமாக எழுதுகிற ஆள், இங்கே கை தயங்குகிறது.

போஸ்டர் பசைக்குச் செலவழித்து அலுத்துப்போய் இரண்டு முதலாளிகளும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தனித்தனியாகச் சுற்றினால் பாதிக் கொட்டகை காலி. இரண்டு ஜப்பானையும் மோதவிட்டால்? 'அசல் ஜப்பான் யார்?' போஸ்டர் அடித்தாகிவிட்டது. எங்கள் பக்கம் இவர். அவர்கள் பக்கம் 'முகமூடி ஜப்பான்': கறுப்புத் துணியில் சிவப்புக் கோடு போட்ட முகமூடி, கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை. அவனைத் தூங்கும்போதுகூட முகமூடி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. தோற்றவர் ஜப்பான் பேரை விட்டுவிட வேண்டும் என்பது வெளியே சொன்ன நிபந்தனை. உள்ளே பேசிக்கொண்டது, சண்டை சமம்; அதே சண்டையை ஊர் ஊராகப் போடலாம் என்று. இத்தனைக்கும் ஒரே கட்டுப்பாடு: சண்டை வரைக்கும் இரண்டு கம்பெனி ஆட்களும் ஒன்றாக இருப்பதை ஒரு ஈ காக்காய் பார்க்கக் கூடாது. பார்த்தால் கதை முடிந்தது. அதனால் அவர்களுக்கு ஊரின் அந்தக் கோடியில் லாட்ஜ், எங்களுக்கு இந்தக் கோடியில். ஒத்திகை கிடையாது.

ஒரே கம்பெனிக்குள் என்றால் பரவாயில்லை. அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். "நம்ப கம்பெனில எல்லாமே பீச்சாங்கைப் பக்கம்தான் மாப்ள. தூக்கறவன் பீச்சாங்கைத் தோளு மேல தூக்குவான், விழறவன் பீச்சாங்கைத் தோளுல உருளுவான். ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்னு தெரிஞ்சா கண்ண மூடிக்கினு விழலாம்." எத்தனையோ வருஷமாக அவர் உடம்பு இடது பக்கமாகவே தூக்கி, இடது பக்கமாகவே விழுந்து பழகியிருந்தது. நடக்கும்போதுகூடச் சற்று இடமாகச் சாய்வார்.

சண்டை நாள் காலையில் இரண்டு ஜீப்பும் தனித்தனியாக ஊரைச் சுற்றின. எங்கள் ஜீப்பில் அவர் பூப்போட்ட பட்டு அங்கியோடு நிற்கிறார், நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிறேன். ரயில் கேட் மூடியிருந்தது. நின்றோம். பின்னாலேயே வந்து, எங்களை உரசுகிற மாதிரி பக்கத்தில் நின்றது புலிக் கம்பெனி ஜீப். சுற்றிலும் ஜனம். ஜட்கா, சைக்கிள், மலையிலிருந்து இறங்கி வந்த மொட்டைத் தலைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டு ஜப்பானும் ஒரு முழ தூரத்தில். எல்லார் கண்ணும் இவர்கள் மேல். முகமூடி ஜப்பான் முதலில் எதிராளியை முறைக்கிற மாதிரி முகத்தை முன்னால் நீட்டினான். அதுதான் தொழில். ஆனால் அந்த வாய் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது எங்கள் பக்கத்துத் தமிழ்.

"அண்ணா. நீங்க பீச்சாங்கையா, சோத்தாங்கையா?"

சின்னக் குரல், மீசை முளைக்கிற வயசுக் குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனும் நம்ம ஜில்லாவா? இவரைப் பார்த்தேன். தாடை எலும்பு ஒருமுறை ஏறி இறங்கியது. கண் கேட்டின் வெள்ளைக் கம்பத்தை விட்டு நகரவில்லை. ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, எங்களுது சோத்தாங்கை. ஒங்களுது இன்னா? சொல்லுங்கண்ணா."

ரயில் வந்தது. அந்தச் சத்தத்தில் அவர் சொல்லியிருக்கலாம். யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் உதடு அசைவது தெரிந்திருக்கும். அவர் முகம் அப்படியே இருந்தது. கேட் திறந்ததும் புலிக் கம்பெனி ஜீப் முந்திக்கொண்டு போயிற்று. கறுப்பு முகம் கொஞ்ச தூரம் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

லாட்ஜில் கதவைச் சாத்தியதும் அங்கியைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"நல்ல புள்ளடா. கேட்டான் பாரு, கரெக்டா."

"நான் போய் சொல்லிட்டு வரட்டுமா மாமா?"

"நீ மைக்ல கத்தற ஆளு, ஒன்னியத் தெரியாதவன் எவன் கீறான்? அவங்க லாட்ஜு வாசல்ல ஒன்னியப் பாத்தா அவ்ளோதான், ரெண்டு கம்பெனிக்கும் பூட்டு. எத்தினி குடும்பம்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தூக்கறதயே நான் விட்டுடறேன். கட்டிப் பொரண்டு, கயித்துல தள்ளி, முடிச்சுடலாம். நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கொட்டகை அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. மேலே கூரை கிடையாது, சுற்றி இருந்த மரங்களிலும் ஆட்கள். நானும் என் வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். மொய்ங்கா கூவலை மொழிபெயர்த்தேன், செருப்பு பறந்தது. சண்டை ஆரம்பித்ததும் அவர் சொன்னபடியே செய்தார். பிடித்தார், நெரித்தார், உருண்டார், கயிற்றில் தள்ளினார். பையன் காற்று மாதிரி இருந்தான். தரையைத் தொடுகிறானா என்று சந்தேகம் வரும்படி குதித்தான். ஆனால் நேரம் போகப் போக கூட்டத்துக்குச் சலித்தது. போஸ்டரில் போட்டிருந்தது இவர் ஒரு ஆளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற படம். எங்கிருந்தோ ஒரு குரல், "எத்து!" என்றது. தூக்கு. அப்புறம் பத்து, அப்புறம் மைதானம் பூராவும் கை தட்டி, "எத்து! எத்து! எத்து!"

எங்கள் முதலாளி மேடை ஓரத்தில் நின்று உள்ளங்கையை மேலே மேலே உயர்த்திக் காட்டினார். இவர் தலையை ஆட்டவில்லை, ஆனால் பார்க்காத மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் பையன் ஓடிவந்தான். கூட்டம் கேட்கிறது, தொழில்காரன் கொடுக்க வேண்டும். தூக்கப்படுகிறவன்தான் பாதி எம்ப வேண்டும். எம்பினான், அவன் பழகிய பக்கம். இவர் கைகள் அவனை வாங்கின. யோசித்து வாங்கவில்லை, அத்தனை வருஷப் பழக்கம் வாங்கியது. ஒரு கணம் இரண்டு பேரும் ஒரு மரம் மாதிரி நின்றார்கள். அப்புறம் இவர் இடது பக்கமாகச் சாய்ந்தார்.

பலகை அதிரவில்லை. சின்னதாக ஒரு சத்தம்தான்.

நடுவர் எண்ண ஆரம்பித்தார். கூட்டம் விசில். இவர் குனிந்து பையன் முகத்தருகே காதை வைத்தார். நிமிர்ந்தபோது அந்த ஜப்பான் முகம் இல்லை. கயிற்றருகே வந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மாப்ள! டாக்டரு யாரானா கீறாங்களா கேளு! புள்ளைக்கு கழுத்து போச்சுடா! நெஜமாவே போச்சு!"

மர உச்சியிலிருந்து ஒருவன், "ஒரேய், ஜப்பானோடு அரவம் மாட்லாடுதுன்னாடுரா!" என்றான். ஜப்பான்காரன் தமிழ் பேசுகிறானாம். சிரிப்பு மூலைக்கு மூலை வெடித்தது. நான் மைக்கில் தெலுங்கில் கெஞ்சினேன், தமிழில் கெஞ்சினேன், இங்கிலீஷில் கெஞ்சினேன். எலும்பை நொறுக்குவேன் என்று சற்று முன் சொன்ன அதே குரல்தானே! இன்னும் சிரித்தார்கள். இவர் மேடை நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, நான் ஜப்பான் இல்ல சாமி. சித்தூரு. வழி விடுங்க" என்று கும்பிட்டார். சிரிப்பு நின்றபோது அது கோபமாகிவிட்டது. ஏமாற்றுக்காரர்கள் என்று முதல் நாற்காலி வந்து விழுந்தது. அதற்கப்புறம் நாற்காலிகளுக்கு நடுவேதான் பெஞ்சுப் பலகை ஒன்றில் பையனை வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஜீப்பில் ஏற்றும்போது புலிக் கம்பெனி முதலாளி கையைப் பிடித்தார். "முகமூடிய எடுக்காத, ஜனம் பாக்குது!" இவர் அதைக் கிழித்தே எடுத்தார். உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு சாதாரண முகம். கண் திறந்திருந்தது.

"அண்ணா, என் கால் மேல யாரு குந்திக்கினு கீறாங்க? எந்திரிக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்டா. எந்திரிச்சுடுவாங்க."

"பீச்சாங்கையா அண்ணா?"

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு அவன் நினைவோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதக் கேட்டபோது அவனுடைய முதலாளிக்கே அவன் ஊர் தெரியவில்லை. கம்பெனிக் கூட்டாளி ஒருவன்தான், ஏர்பேட்டுப் பக்கம், அம்மா கூலி வேலை என்றான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் நான் போனேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் விசாரித்து, அவளைக் கண்டுபிடித்து, அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்தேன். மகன் சென்னையில் லாரிக் கிளீனராக இருப்பதாகத்தான் அவளுக்குத் தெரியும். "லாரிலேந்து விழுந்துட்டானா?" என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்புதான் முடிந்திருந்தது.

அவள் உள்ளே போய் மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். அழவில்லை. எதிரே இவர் நின்றிருந்தார். முந்தின நாள் பட்டு அங்கி, தோளில் கிழிந்து தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ யாருப்பா?"

"நான்தாம்மா ஒம் புள்ளயத் தூக்கினவன். சண்ட காட்டறவங்கம்மா நாங்க. அவனும்தான்." சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, முகமூடி, ஜப்பான், பொய்ச் சண்டை, எல்லாம்.

"வேணும்னு செஞ்சியா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்படி?"

"காலைல ஒரு கேள்வி கேட்டாம்மா. எந்தப் பக்கம் விழணும்னு. நான் பதில் சொல்லல."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"வாயி பேச வராதா?"

"வரும்மா."

"எத்தினி வார்த்த அது?"

"ஒரே வார்த்ததாம்மா."

அவள் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்திக் கொடுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வார்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கதவு மாதிரி உடம்பு ஒரு சின்னப் பிள்ளை போல அவள் பின்னால் போயிற்று. கட்டிலருகே நிறுத்தி, மகன் முகத்தில் இருந்த துணியை விலக்கினாள்.

"சொல்லு" என்றாள். "கேட்டுட்டு காத்துக்கினு கீறான் எம் புள்ள."

அவர் மண்டியிட்டார். பையனின் காதருகே வாயைக் கொண்டுபோனார். தோள்பட்டை ஏறி இறங்குவதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு முணுமுணுப்பாக வந்தது.

"பீச்சாங்கை. பீச்சாங்கைப் பக்கம், தம்பி."

"சத்தமா" என்றாள்.

அவர் நிமிர்ந்து, மூச்சை இழுத்து, வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.